நாற்பது சொல்லில் என் பங்கு

உலகத்தில் அணுகுண்டு வைத்திருக்கும் நாடுகள் ஒன்பது. அவற்றில் இரண்டு எங்கள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன.

புதுச்சேரியில் இது பெரிய அதிசயம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் சம்பந்தியின் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கெடு முடிந்து, இந்தியரானார். இன்ன அணு நாட்டைச் சேர்ந்தவன் நான் என்பது இப்படி அவருடைய சோம்பலால் முடிவானது. அப்போது இந்தியாவிடம் குண்டு இல்லை. பிரான்சிடம் இருந்தது. அப்பா அதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்.

என் மகள் அந்தச் சம்பந்தி வீட்டுக்கு மருமகளாகப் போனாள். பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில் இருக்கிறாள். அவள் மகன், என் ஒரே பேரன், பிரெஞ்சுக் கடற்படையில் சேர்ந்தான். சேர்ந்தவனை அணு ஏவுகணை ஏற்றிய நீர்மூழ்கிக் கப்பலில் போட்டார்கள். ஒரு கப்பலில் பதினாறு ஏவுகணைகள். அவற்றுக்கு நடுவில் அவன் ரொட்டி சுடுகிறான்.

ஆமாம், ரொட்டி. பிரெஞ்சுக்காரன் கடலுக்கடியில் போனாலும் அன்றாடம் புதிதாகச் சுட்ட ரொட்டி வேண்டும். நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் விசாரித்தவர்களிடம் நான் "பாதுகாப்பு, அணு சம்பந்தப்பட்டது, அதிகம் சொல்லக்கூடாது" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி வைத்திருந்தேன். என் மனைவிதான் காய்காரம்மாவிடம் போட்டு உடைத்தாள்.

என் வேலை புள்ளிவிவரத் துறையில். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது, ஆனால் எண்ணுவது நிற்கவில்லை. சர்வீசில் இருந்தபோது ஆடுமாடு கணக்கெடுப்புக்கு உழவர்கரைப் பக்கம் வீடு வீடாகப் போயிருக்கிறேன். மானியம் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட தெருவில் ஆடுகள் திடீரென்று பெருகும். வரி போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட தெருவில் ஓர் ஆடும் இருக்காது. இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கொல்லையிலிருந்து அது கத்தும்.

பேரன் கப்பலில் சேர்ந்த பிறகு ஆட்டை விட்டுவிட்டுக் குண்டை எண்ண ஆரம்பித்தேன். உலகத்தில் மொத்தம் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் என்கிறார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ருஷ்யாவிடமும். மற்ற ஏழு நாடுகளுக்கும் மீதி. இதெல்லாம் வெளியில் நின்று போடுகிற கணக்கு. உள்ளே விடமாட்டார்கள். ஒரு நாடு, தன்னிடம் குண்டு இருக்கிறது என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அந்தத் தெரு எனக்கு நன்றாகத் தெரியும்; கொல்லையில் ஆடு கத்தும் தெரு. அந்த இரண்டு பெரிய நாடுகளும் ஒருவர் கொட்டகைக்குள் ஒருவர் ஆள் அனுப்பி எண்ணிப் பார்க்கலாம் என்று ஓர் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். முதலில் எண்ணுவது நின்றது. பிறகு ஒப்பந்தமே காலாவதியாகிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அவன் எண்ணலன்னா உங்களுக்கு என்னங்க? உங்களையா கூப்பிடப் போறான்?" என்றாள் மனைவி.

கூப்பிட்டால் போயிருப்பேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க எனக்கு ஒரே ஆள்தான். முதலியார்பேட்டையில் இரும்புக்கடை வைத்திருந்து இப்போது மகன்களிடம் விட்டுவிட்ட பாய். காலையில் கடற்கரைச் சாலையில் இரண்டு பேரும் நடப்போம். நடப்பது நான், அவர் உட்கார இடம் தேடிக்கொண்டே வருவார்.

ஒருநாள் அவருக்குக் கொள்கைகளை விளக்கினேன். இந்தியா, நான் முதலில் போடமாட்டேன், நீ போட்டால் விடமாட்டேன் என்கிறது. சீனாவும் முதலில் மாட்டேன் என்கிறது. பிரான்சு அப்படிச் சொல்வதில்லை. என் உயிர்நாடியில் கைவைத்தால் சும்மா இருக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லும். அந்த உயிர்நாடி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்லாது. எதிராளி யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் கொள்கை.

"எங்க வீட்டம்மா கொள்கை சார் அது" என்றார் பாய். "நாப்பத்தஞ்சு வருஷமா யோசிச்சிட்டுதான் இருக்கேன்."

"சிரிக்காதீங்க பாய். இதோ இந்தக் கடல்லகூட நம்ம நாட்டுக் கப்பல் ஒண்ணு அடியில இருக்கலாம்."

அவர் கடலைப் பார்த்தார். "உங்க பேரனோடது?"

"அவன் கப்பல் எங்கேன்னு யாருக்கும் தெரியாது. பிரான்சுகிட்ட அந்த மாதிரி நாலு இருக்கு. எந்நேரமும் ஒண்ணாவது கடலுக்கு அடியில இருந்துகிட்டே இருக்கும். சத்தமே போடாது."

"அவ்ளோ பெரிய நாடு நம்ம பையன் ரொட்டிய நம்பி இருக்குது பாருங்க" என்றார் பாய்.

சென்ற வருடம் கடலுக்குப் போவதற்கு முன்னால் பேரன் போன் செய்தான். அந்தச் சமயம் பார்த்து என் இதயத்தில் ஓர் அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் வீட்டுக்கு வருவதற்குள் மாதா கோயிலில் என் அடக்கப் பூசைக்கு எந்தச் சாமியாரைக் கூப்பிடுவது என்பது வரை போய்விட்டேன்.

பேரன் விதிகளைச் சொன்னான். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அவனால் ஒரு சொல்லும் அனுப்ப முடியாது. வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு செய்தி போகலாம், நாற்பது சொல். அதையும் கடற்படை அலுவலகத்தில் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். கெட்ட செய்தி எதுவும் போகாது. சாவே என்றாலும் கப்பல் திரும்புகிற வரை சொல்லமாட்டார்கள்.

"அப்ப நான் செத்துட்டா?"

"தாத்தா, காலையிலயே ஆரம்பிக்காதீங்க."

"செத்துட்டா உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. கரைக்கு வந்ததும் சொல்வாங்க. அதான் நல்லது. அங்க தெரிஞ்சு நான் என்னா பண்ணப் போறேன்? அடுப்புகிட்ட நின்னு அழவா?"

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அன்றிலிருந்து அதே நினைப்பு. என்னைப் புதைத்து, பூசை முடித்து, வந்தவர்கள் கிளம்பிப் போய், எல்லாம் ஆறிய பிறகும் என் பேரன் நான் உயிரோடு இருப்பதாக எண்ணிக்கொண்டு கடலுக்கடியில் மாவு பிசைந்துகொண்டிருப்பான். அவன் கணக்கில் நான் தப்பாக இருப்பேன். கணக்கில் தப்பாக இருப்பது எனக்குச் சாவைவிடப் பிடிக்காத காரியம்.

அப்போதுதான் இங்கிலாந்தின் ஏற்பாட்டைப் படித்திருந்தேன். அங்கே அணு ஏவுகணைக் கப்பலின் பெட்டகத்தில் பிரதமர் தன் கையால் எழுதிய கடிதம் ஒன்று இருக்குமாம். கரையிலிருந்து வரவேண்டிய அறிகுறிகள் எதுவும் வராமல் போனால், நாடே அழிந்துவிட்டது என்று முடிவு செய்து, கப்பல் தலைவர் அந்தக் கடிதத்தைப் பிரிப்பாராம். வருகிறவரை நாடு இருக்கிறது, வராவிட்டால் இல்லை. எவ்வளவு எளிமை! இதை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. இந்த வயதில் எனக்குத் தோன்றுகிற எதையும் இரண்டு நாள் ஆறப்போட வேண்டும் என்று மனைவி சொல்வாள். நான் உடனே போன் செய்தேன்.

"உங்கம்மா அனுப்புற செய்தியில வாராவாரம் என் வரி ஒண்ணு இருக்கும். அது வந்தா நான் இருக்கேன். வரலன்னா இல்லன்னு வச்சுக்கோ."

"இது தேவையா தாத்தா?" என்றான். பிறகு, நான் விடமாட்டேன் என்று தெரிந்து, "சரி" என்றான்.

என் மகள் நாற்பதில் எட்டுச் சொல் எனக்கு ஒதுக்கினாள். நான் பத்துக் கேட்டேன். "அப்பா, மீதி முப்பதுல நான், இவரு, அவன் தங்கச்சி, நாயி எல்லாம் இருக்கணும்" என்றாள். நாய்க்கு எவ்வளவு என்று கேட்டேன். சொல்லவில்லை.

முதல் மூன்று வாரம் ஒழுங்காகப் போனது. நான் தமிழில் சொல்வேன், அவள் பிரெஞ்சில் எழுதுவாள். "தாத்தா நலமாக இருக்கிறார், உன்னை நினைக்கிறார்" என்கிற மாதிரி. பிரெஞ்சில் துக்கடாச் சொற்களுக்கே பாதி போய்விடுகிறது. எட்டுச் சொல்லில் ஒரு விவரமும் சொல்ல முடியவில்லை.

நாலாவது வாரம் ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்கு ஒரு யோசனை. ஓர் எண் என்பது ஒரு சொல்தானே. நலமாக இருக்கிறேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். எண் பொய் சொல்லாது. மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், நாடித் துடிப்பு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பிறகு சர்க்கரை, எடை, உப்புச் சத்து. ஏழு எண்கள், கடைசியில் "தாத்தா". கச்சிதமாக எட்டு. அத்தனையும் நல்ல எண்கள். பல வருடங்களாக எனக்கு அப்படி வந்ததில்லை. மகளிடம் அதை அப்படியே அனுப்பச் சொன்னேன். அடுத்த வாரமும் அதே மாதிரி புது எண்கள்.

அதற்கடுத்த வாரம் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை.

"என்னாத்துக்குப்பா உங்களுக்கு இந்த நம்பரெல்லாம்?"

"என்னா ஆச்சு?"

"ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. ஏதோ சங்கேதம்னு சந்தேகப்பட்டு உங்க வரிய மட்டும் அடிச்சுட்டு அனுப்பியிருக்காங்க. ரெண்டு வாரமாவே. இது எங்கப்பா சுகர்னு சொல்றேன், அவரு மரியாதையா, அம்மா எனக்கும் வயசான அப்பா இருக்காரு, ஆனா நம்பர் கூடாதுன்றாரு."

ஏழு எண்களை ஒரு வரிசையாக, விளக்கம் இல்லாமல், அணு ஏவுகணைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறேன். உலகத்தின் அத்தனை ஆயுதக் கொள்கைகளையும் படித்தவன், இந்தக் கிறுக்குத்தனத்தை மட்டும் யோசிக்கவில்லை.

என் ஏற்பாட்டின்படி பேரனுக்கு நான் செத்து இரண்டு வாரம் ஆகிவிட்டது.

அன்று இரவு மனைவி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "புள்ள அங்க தனியா இருப்பானே" என்று மட்டும் சொன்னாள். எனக்கும் அது ஒன்றுதான் கண்ணில் நின்றது. போன் இல்லை, அம்மா இல்லை, கேட்க ஆள் இல்லை. இரும்புக்குள், தண்ணீருக்கடியில், இல்லாத ஒரு சாவை வைத்துக்கொண்டு அவன் நிற்கிறான். அதை அவன் கையில் கொடுத்தது நான்.

உடனே அடுத்த வாரச் செய்தியில் என் வரியைப் போட்டுவிடலாம் என்றால், அங்கே ஒரு சிக்கல். அதைப் பாய்தான் கண்டுபிடித்தார். கடற்கரையில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதல்முறையாகச் சிரிக்காமல் கேட்டார்.

"சார், ரெண்டு வாரம் வராம இருந்து இப்ப திடீர்னு தாத்தா நலம்னு வந்தா அவன் நம்புவானா? பையன் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு அம்மாவே போட்டாங்கன்னுதான் நெனப்பான். நானா இருந்தா அப்பிடித்தான் நெனப்பேன்."

ஒரு நாடு தன்னிடம் எத்தனை குண்டு என்று தானே சொன்னால் மற்ற நாடு ஏன் நம்புவதில்லை என்று பாய்க்குப் பல காலை விளக்கியிருக்கிறேன். சொல்வது சுலபம், உள்ளே போய் எண்ணிப் பார்க்காமல் யாரும் நம்பமாட்டார்கள் என்பேன். இப்போது நான் உயிரோடு இருப்பதை நானே சொன்னாலும் செல்லாது.

"அப்ப என்னா பண்றது?"

"உங்களத் தவிர வேற எவனும் எழுத முடியாத ஒண்ண எழுதுங்க."

வீட்டுக்கு வந்து யோசித்தேன். அறிவாக ஏதாவது எழுத நினைத்தேன். அறிவு யாருக்கும் இருக்கலாம். பாசமாக எழுத நினைத்தேன். அதை மகளே நன்றாக எழுதுவாள். மாலை வரை தாள் காலியாக இருந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மனைவி, "நகவெட்டி எங்க?" என்றாள்.

"அவன் போன லீவுல வந்தப்ப எடுத்தான். எங்க வச்சான்னே தெரியல."

"அதையே எழுதுங்க" என்றாள். "உலகத்துல வேற எந்த மனுஷன் இதுக்குப் போயி கேப்பான்?"

மகள் அந்த வாரம் தன் பங்கு, நாய் பங்கு எல்லாவற்றையும் எனக்கே விட்டுக் கொடுத்தாள். நாற்பது சொல்லும் எனக்கு. என் நகவெட்டியை எங்கே வைத்தாய், அது நல்ல நகவெட்டி, இப்போது வருவதெல்லாம் தகரம், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க உனக்கு எத்தனை தடவை சொன்னேன், எண்ணி வைத்திருந்தேன், இங்கே எண் போடக்கூடாதாம், அதனால் சொல்லவில்லை, நீ வா, வைத்துக்கொள்கிறேன் உன்னை. ஏறக்குறைய இப்படி. அலுவலகம் அதை அப்படியே அனுப்பியது. படித்துப் பார்த்த அந்த அதிகாரி என்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பது பிரெஞ்சு அரசின் ரகசியமாகவே இருக்கட்டும்.

அதன் பிறகு எங்களால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அவனிடமிருந்து பதில் வராது. நம்பினானா இல்லையா என்று கப்பல் மேலே வந்தால்தான் தெரியும். நான் அந்த நாட்களில் செய்தித்தாளில் அணு என்ற சொல் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது. மனைவிதான் எடுத்தாள். நான் எதிரில் நாற்காலியில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆயா" என்றான். பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவான். அப்புறம் மெதுவாக, "எப்ப ஆயா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒரு கணம் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. போனை என் பக்கம் நீட்டி, "என்னைக் கேட்டா? அவரையே கேட்டுக்க கண்ணு" என்றாள்.

"நான்தான்டா" என்றேன்.

அந்தப் பக்கம் முதலில் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை. பிறகு அழுகை. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. மனைவி, "அழுவட்டும், விடுங்க" என்றாள்.

கொஞ்சம் தணிந்ததும் கேட்டேன். "நகவெட்டி செய்தி வரலியா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்னா? நான்தான்னு தெரியலியா?"

"அம்மா எழுதினாங்கன்னு நெனச்சேன் தாத்தா. அப்படியே உங்கள மாதிரியே எழுதியிருக்காங்களேன்னு... ஒரு சொல்லுகூடத் தப்பில்ல. அதுக்கப்புறந்தான் ரொம்ப அழுதேன்."

இவ்வளவு கச்சிதமாக நான் எந்தக் காரியத்திலும் தோற்றதில்லை.

எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் முப்பதாம் நாள் பூசை வரை கறி சமைக்கமாட்டோம். அவனும் கப்பலில் கறியைத் தொடவில்லையாம். கூட இருந்தவர்கள் வயிறு சரியில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். காரணத்தைச் சொன்னதும் யாரும் கேலி செய்யவில்லையாம். முப்பதாவது நாள் தன் வேலை முறை முடிந்து, எல்லோருக்கும் வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒன்று ஊற்றி இனிப்பு ரொட்டி சுட்டானாம். நூறு பேருக்கு மேல். என் பெயரைச் சொல்லித் தின்றிருக்கிறார்கள். கப்பல் தலைவர் வந்து தோளில் கைவைத்துவிட்டு, வீட்டுச் செய்தி நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்ல அனுமதி இல்லாததால், இன்னொரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனாராம்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எது?"

"என் முப்பது."

"உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா தாத்தா?" என்று கத்தினான். பக்கத்தில் மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இதைப் பாயிடம் சொன்னபோது அவர் நடையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார். "ஏவுகணைக்கு நடுவுல கருமாதி பண்ணிக்கிட்ட மனுஷன் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார். அது ஒன்று என்று நானும் எண்ணிக்கொண்டேன்.

இந்த வருடம் மறுபடி அவன் முறை வந்தது. கிளம்புவதற்கு முன் போன் செய்தான். நான் ஏதோ ஆரம்பிப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

"இந்தத் தடவை உங்க வரி வேணாம்."

"எண் போடமாட்டேன்டா."

"எதுவுமே வேணாம்."

"அப்ப நான் இருக்கேனா இல்லியான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. இருக்கீங்கன்னு நெனச்சிக்கிட்டு ரொட்டி சுடுவேன். வந்து பாத்துக்கறேன்."

"ஒருவேளை நெசமாவே..."

"தாத்தா, உங்களுக்கு முப்பது முடிச்சாச்சு. ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை பண்ண முடியாது."

இதற்குப் பதிலாக எந்த நாட்டுக் கொள்கையிலும் ஒன்றும் இல்லை. சரி என்றேன். அவன் போய்விட்டான். எங்கே என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த வாரம் நாற்பது சொல்லையும் என் மகளே எழுதி அனுப்பினாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. அதாவது, ஒரு தடவைதான் கேட்டேன்.